கையில் கருவி கொடுப்பவர் யார்?

தமிழ்நாட்டில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது பெண் பிள்ளைகள்தான். வெளிநோயாளிப் பிரிவில் வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாகக் குனிந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் மாணவிகள். பல கல்லூரிகளின் பிடிஎஸ் வகுப்புகளில் இப்போது பையன்களை எண்ணுவதுதான் எளிது. அதே கட்டடத்தில் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைத் துறை இருக்கும் மாடிக்கு ஏறி, வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். துறைத்தலைவர், பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று இறங்கி வருகையில், பல இடங்களில் முதல் பெண் பெயர் தென்படுவதற்குள் பாதிப் பலகை கடந்துவிடும்.

கீழ்த்தளத்தை நிறைத்த பெண்கள் மேல்மாடிக்கு ஏன் போதிய அளவில் வரவில்லை? திறமைக் குறைவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நுழைவுத் தேர்வின் தரவரிசையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. பதில் தேடி நூற்றெழுபது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பல் மருத்துவம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அன்று போலவேதான் இன்றும் இருக்கிறது. இது பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு கருவியைக் கையில் வாங்கிச் செய்து கற்கும் தொழில். கருவியைக் கொடுக்கிறவர் மனசு வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டேனியல்சன்வில் என்று ஒரு சிற்றூர். டேனியல் ஜோன்ஸ் அங்கே பல் மருத்துவர். 1854-இல் அவரை மணந்தபோது எமலீன் ராபர்ட்ஸுக்கு 18 வயது. கணவரின் தொழிலைக் கற்க அவருக்கு ஆசை. பெண்ணின் மெலிந்த, லாகவமில்லாத விரல்களுக்கு இது ஆகாது என்பது கணவரின் முடிவு. எமலீன் சண்டை போடவில்லை. கணவர் பிடுங்கிப் போட்ட பற்களை எடுத்து, யாருக்கும் தெரியாமல் சொத்தையைச் சுரண்டி அடைத்துப் பழகினார். அப்படி அடைத்த பற்கள் நூற்றுக்கணக்கில் ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்ந்தன. அந்த வேலையைப் பார்த்த பிறகுதான் சில நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யக் கணவர் இடம் கொடுத்தார். அது 1855. நான்கு வருஷத்தில் எமலீன் தொழில் கூட்டாளி ஆனார். 1864-இல் கணவர் இறந்துபோகவே, எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பல் நாற்காலியுடன் கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் ஊர் ஊராகப் போய்ச் சிகிச்சை செய்து குழந்தைகளைக் காப்பாற்றினார். பிறகு நியூ ஹேவனில் கிளினிக் வைத்து 1915 வரை நடத்தினார். விரலுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட வேலையை அறுபது வருஷம் செய்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் தொழில் பழக வந்த ஓர் இளைஞனுக்கு, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்ள நோயாளியின் வாய் கிடைத்தது. எமலீனுக்குக் கிடைத்தது பிடுங்கிப் போட்ட பல். அவனுக்கு முதலில் பயிற்சி, பிறகு திறமை. இவர் முதலில் திறமையைக் காட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் பயிற்சி. இந்த முறை மாற்றத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய அறுவை அரங்கு வரைக்கும் இது நம்மோடு வரப்போகிறது.

லூசி ஹாப்ஸ் பள்ளிக்கூட ஆசிரியை. சின்சினாட்டியில் மருத்துவம் படிக்கப் போனார். பெண் என்று சேர்க்க மறுத்தார்கள். பல் மருத்துவம் படிக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு பல் மருத்துவரிடம் தொழில் பழகி, 1861-இல் ஒஹாயோ பல் அறுவை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அங்கேயும் பெண் என்பதே தடை. பட்டம் இல்லாமலே தொழில் செய்யச் சட்டம் இடம் கொடுத்த காலம் அது. கிளினிக் திறந்தார். ஐயோவா மாநிலத்துக்குப் போய்ப் பெயர் வாங்கினார். அங்குள்ள பல் மருத்துவர் சங்கம் 1865-இல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதோடு நிற்காமல், அவருக்காகக் கல்லூரியோடு மல்லுக்கு நின்றது. கல்லூரி இறங்கி வந்தது. 1866 பிப்ரவரியில் பட்டம். பல் மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் என்று உலகம் அவரைக் குறித்துவைத்திருக்கிறது. பின்னாளில் தன் கணவருக்கும் அவரே தொழில் கற்றுக்கொடுத்தார்.

பிரிட்டனில் கதவு திறக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது. லிலியன் மரே, கல்யாணத்துக்குப் பிறகு லிலியன் லிண்ட்ஸே, லண்டனில் தகப்பனை இழந்த பெரிய குடும்பத்துப் பெண். காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கு ஆசிரியையாகப் போ என்று பள்ளித் தலைமையாசிரியை வற்புறுத்தினார். நான் பல் மருத்துவராகத்தான் ஆவேன் என்று இந்தப் பெண் நின்றார். 1892-இல் லண்டனின் தேசியப் பல் மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனபோது டீன் ஹென்றி வெய்ஸ் அவரை உள்ளே விடவில்லை. பெண் உள்ளே வந்தால் மாணவர்களின் கவனம் சிதறுமாம். நேர்காணல் நடைபாதையில் நடந்தது. எடின்பரோவில் முயன்று பார் என்று ஒரு யோசனை மட்டும் கிடைத்தது. எடின்பரோ சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கேயும் சர் ஹென்றி லிட்டில்ஜான் என்ற பெரிய மருத்துவர், ஏதோ ஓர் ஏழை ஆணின் வாய்ச் சோற்றைப் பறிக்கிறாயே அம்மா என்ற பொருளில் அவரிடம் பேசியிருக்கிறார். 1895-இல் சிறப்புத் தகுதியுடன் தேறி, பிரிட்டனில் தகுதி பெற்ற முதல் பெண் பல் மருத்துவரானார். படிப்புக்கு வாங்கிய கடனை அடைத்துவிட்டு, தேறிப் பத்து வருஷம் கழித்து 1905-இல்தான் கல்யாணம் செய்துகொண்டார். 1946-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவர்.

லண்டன் நடைபாதை நேர்காணலுக்கு 17 வருஷம் முன்பே, 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களை மருத்துவம் படிக்கச் சேர்த்துவிட்டது. அவர்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். இந்த மண்ணின் பெண்ணான முத்துலட்சுமி ரெட்டி அதே கல்லூரியில் பட்டம் பெற 1912 ஆயிற்று. என்றாலும் பெண் படிக்கலாமா என்ற கேள்விக்கு இந்த ஊர் லண்டனின் அந்தப் பல் மருத்துவமனையை முந்திக்கொண்டு விடை சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். அதே கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாக 1953-இல் தொடங்கியதுதான் இன்று கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி.

லிலியன் கதையில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. 1920-இல் அவருடைய கணவர் ராபர்ட் லிண்ட்ஸேக்குப் பல் மருத்துவச் சங்கத்தின் லண்டன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கணவரோடு லண்டன் வந்தவர் சிகிச்சைத் தொழிலை விட்டுவிட்டார். சங்கத்தின் நூலகத்தை உருவாக்கும் கௌரவப் பணியை ஏற்று, பல் மருத்துவ வரலாற்றில் பெரிய அறிஞரானார். நூலகத்துக்கு அது லாபம். ஆனால் போராடிப் பெற்ற தொழில், கணவரின் இடமாற்றத்தோடு முடிந்தது.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் தொடங்கியது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே படித்து, 1923-இல் பம்பாயில் சொந்தமாகக் கிளினிக் திறந்தார் ஃபாத்திமா ஜின்னா. முகமது அலி ஜின்னாவின் தங்கை. நூறு வருஷத்துக்கு முன் ஓர் இளம்பெண் தனி ஊரில் விடுதியில் தங்கிப் படித்து, பம்பாயின் நெரிசலான தெருவில் பெயர்ப்பலகை மாட்டினார் என்பதை யோசித்துப் பாருங்கள். 1929-இல் ஜின்னாவின் மனைவி ருட்டி இறந்தார். அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஃபாத்திமா கிளினிக்கை மூடினார். அதன் பிறகு அவர் அரசியலில் எவ்வளவோ உயரம் போனார். பல் மருத்துவத்துக்குத் திரும்பவில்லை. நுழைவதற்கு அண்ணனின் ஆதரவு இருந்தது. வெளியேறியதும் அண்ணனின் வீட்டுக்காகவே. லிலியனும் ஃபாத்திமாவும் வெவ்வேறு உலகத்துப் பெண்கள். கதவைத் தட்டித் திறந்த இருவரையும் தொழிலிலிருந்து வெளியே கூட்டிவந்தது வீடு. இன்றைக்கும் எம்டிஎஸ் என்ற முதுநிலைப் படிப்பைப் பாதியில் விடும் பெண்ணிடம் காரணம் கேளுங்கள். அரங்கில் கை நடுங்கியது என்று சொல்பவரைக் காண்பது அரிது. வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இனி நிபுணர் பயிற்சிக்கு வருவோம். பல் மருத்துவத்தின் ஒரு கிளையை மட்டும் தனியாகக் கற்றுத்தரும் பள்ளியை எட்வர்ட் ஆங்கிள் 1900-இல் செயின்ட் லூயி நகரில் தொடங்கினார். பல் சீரமைப்பு, அதாவது இன்று ஆர்த்தோ என்று நம் பிள்ளைகள் சுருக்கமாகச் சொல்லும் துறை. ஆங்கிளின் செயலராக இருந்த அன்னா ஹாப்கின்ஸ், ஐயோவாவில் பல் மருத்துவம் படித்துத் தேறி, பிறகு அவரையே மணந்து, அந்தப் பள்ளியின் எழுத்து வேலையிலும் நிர்வாகத்திலும் முதுகெலும்பாக இருந்தார். பள்ளிக்கு ஆங்கிளின் பெயர்தான் நின்றது. குழந்தைப் பல் மருத்துவத்தின் கதை வேறு. லாஸ் ஏஞ்சலஸில் எவாஞ்சலின் ஜோர்டன், அவரும் முன்னாள் ஆசிரியை, 1909-இலிருந்து குழந்தைகளுக்கு மட்டும்தான் சிகிச்சை என்று தன் கிளினிக்கை வரையறுத்துக்கொண்டார். 1925-இல் அந்தத் துறைக்கென்று ஒரு பாடநூல் எழுதினார். ஒரு முழுத் துறைக்கே வழி வெட்டிய பெண் அவர். இன்று பிடோ எனப்படும் இந்தத் துறை பெண்களுக்குப் பொருத்தம் என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றை நினைத்துச் சொல்வதில்லை. குழந்தையைச் சமாளிப்பது பெண்ணின் வேலை என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஜோர்டன் உண்டாக்கிய துறையைப் பெண்களுக்கான ஒதுக்கிடமாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எண்ணிக்கை மாறியது மிகச் சமீபத்தில்தான். 1970-இல் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் பெண்கள். கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972-இல் வந்தது. 1975-இல் ஜீன் சிங்க்ஃபோர்ட் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் டீன் ஆனார். அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு முதல் பெண் டீன், அவர் கறுப்பினப் பெண். 1859-இல் தொடங்கிய அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்துக்குப் பெண் தலைவர் வர 1991 ஆனது. இப்போது அந்த நாட்டுக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தொழில் செய்யும் பல் மருத்துவர்களில் 2020 வாக்கில் மூன்றில் ஒருவர் பெண். அரை நூற்றாண்டில் இவ்வளவு வேகமாக முகம் மாறிய தொழில்கள் குறைவு. அங்கேயும் குழந்தைப் பல் மருத்துவத்தில் பெண்கள் பெரும்பான்மை. வாய், தாடை அறுவையில் இன்னும் சிறுபான்மை.

இந்தியாவில் பெண்கள் வந்த வழி வேறு. 1980-களின் இறுதியிலிருந்து தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. இன்று நாட்டில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், 25,000-க்கும் மேற்பட்ட பிடிஎஸ் இடங்கள். எம்பிபிஎஸ் கிடைக்காத பெண்ணுக்கு அடுத்த நல்ல இடம் என்று நடுத்தரக் குடும்பங்கள் இதைக் கண்டுகொண்டன. என்ன சொல்லிச் சேர்த்தார்கள்? ராத்திரி டியூட்டி கிடையாது. உயிர் போகிற கேஸ் கிடையாது. வீட்டு மாடியிலேயே கிளினிக் வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆனாலும், மாப்பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், அங்கே ஒரு நாற்காலி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். பொம்பளப் பிள்ளைக்கு ஏத்த படிப்பு.

இந்த வாதம் லட்சக்கணக்கான பெண்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதே வாதம்தான் இரண்டாவது கதவைச் சாத்துகிறது. சௌகரியத்துக்காகச் சேர்த்த பெண், ராத்திரி இரண்டு மணிக்கு விபத்தில் தாடை உடைந்து வருகிறவனுக்குக் கம்பி கட்டப் போகிறேன் என்றால் வீடு திடுக்கிடுகிறது. நாங்கள் இதற்காகவா படிக்க வைத்தோம் என்கிறது. படிப்பைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே அதன் எல்லையும் எழுதப்பட்டுவிட்டது. அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

எம்டிஎஸ் மூன்று வருஷம், ஒன்பது பிராஞ்ச். எண்டோ, பிராஸ்தோ, ஆர்த்தோ, பெரியோ, பிடோ, ஓரல் சர்ஜரி, ஓரல் பாத், ஓரல் மெடிசின், பப்ளிக் ஹெல்த் என்பது மாணவர்களின் வாய்மொழி. மொத்த இடங்கள் பிடிஎஸ் இடங்களில் சுமார் கால் பங்குதான். நீட் எம்டிஎஸ் தேர்வுத்தாள் ஆண் பெண் பார்ப்பதில்லை. அந்த அளவில் அது 1892 நடைபாதையை விட எவ்வளவோ நேர்மையானது. தேர்வு முடிந்து கலந்தாய்வில் பிராஞ்ச் தேர்ந்தெடுக்கும்போதுதான் சுற்றி நிற்பவர்களின் குரல் உள்ளே வருகிறது. "பிடோ எடும்மா, குழந்தைங்களோட உனக்கு நல்லா வரும்." "ஓரல் பாத்னா லேப்ல உக்காந்து வேலை, அலைச்சல் இல்ல." "சர்ஜரியா? கை வலு வேணும்டி, ஆம்பளைங்களே திணர்றாங்க." சொல்பவர்கள் எதிரிகள் கிடையாது. அப்பா, அத்தை, கல்லூரி சீனியர், சில நேரம் மனசார நல்லது நினைக்கும் பேராசிரியை. டேனியல் ஜோன்ஸும் மனைவிக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை.

இங்கே பணத்தையும் சொல்லியாக வேண்டும். தனியார் கல்லூரிகளில் பிராஞ்சுக்குப் பிராஞ்ச் கட்டணம் மாறும். நோயாளிக்கு நேராகச் சிகிச்சை செய்யும் துறைகளுக்கு அதிகம். ஆய்வகம், மக்கள் நலவாழ்வு போன்றவற்றுக்குக் குறைவு. மகளுக்குக் கல்யாணச் செலவும் காத்திருக்கிறது என்று கணக்குப் போடும் வீட்டில், விலை கூடிய பிராஞ்ச் மகனுக்கு முதலீடாகவும் மகளுக்குச் செலவாகவும் தெரிகிறது. ஓரல் பாத் ஆழமான துறை. வாய்ப் புற்றுநோயை நுண்ணோக்கியில் கண்டு சொல்கிறவர்கள் அவர்கள்தான். அதை விரும்பி எடுத்தவர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வேறொன்றை விரும்பி, இதில் உட்கார வைக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கை வலு என்ற வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பல்லைக் குறடால் பிடித்து இழுத்துப் பிடுங்கிய காலத்தில் அதற்கு ஏதோ அர்த்தம் இருந்திருக்கலாம். இன்று எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லை எடுக்க யாரும் இழுப்பதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கி, சுற்றியுள்ள எலும்பைச் சிறு துரப்பணத்தால் அகற்றி, பல்லை இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்து, எலிவேட்டர் என்னும் கருவியை இடுக்கில் வைத்து நெம்பினால் துண்டு துண்டாக வெளியே வரும். பலத்தைக் காட்டினால் தாடை எலும்பே முறியலாம் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உடைந்த தாடையைச் சேர்ப்பதும் அப்படித்தான். டைட்டானியத் தகடும் சிறு திருகுகளும் கேட்பது பொறுமை, அளவு, கண். வளர்ந்தவர் ஒருவர் முழுசாக வாய் திறந்தாலும் கிடைப்பது சுமார் 40 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குள் போய் வேலை செய்யச் சிறிய கை வசதியே. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா நாடுகளில் பல் மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்த நாட்டு மக்களின் பற்கள் பிடுங்கப்படாமலா இருக்கின்றன?

படிப்பு நீளம் என்பது இன்னொரு வாதம். பிரிட்டனில் அதற்கு இடமுண்டு. அங்கே வாய், தாடை அறுவை நிபுணராக மருத்துவம், பல் மருத்துவம் இரண்டு பட்டமும் வேண்டும். முடிக்கும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிடும். இந்தியாவில் பிடிஎஸ் முடித்து மூன்று வருஷம், மற்ற எட்டு பிராஞ்சுக்கும் அதே மூன்று வருஷம். பிடோவுக்கு மூன்று வருஷம் காத்திருக்கத் தயாரான வீடு சர்ஜரிக்கு மட்டும் நேரமில்லை என்பதில் நியாயமே இல்லை.

எல்லாம் தாண்டி ஓரல் சர்ஜரியில் சேர்ந்துவிட்ட பெண்ணுக்கு என்ன நடக்கிறது? பட்டியலில் பெயர் இருக்கும், வருகைப்பதிவு இருக்கும், இரவு டியூட்டியும் வரும். அரங்கில் கத்தியை யார் கையில் கொடுப்பது என்பதை மட்டும் எந்தக் கலந்தாய்வும் தீர்மானிப்பதில்லை. அதை யூனிட் தலைவர் தீர்மானிக்கிறார். பெரிய கேஸ் வரும்போது பையனைக் கூப்பிட்டு முதல் உதவியாளராக நிறுத்திக்கொண்டு, பெண்ணை ஈறை விலக்கிப் பிடிக்கவும் கேஸ் ஷீட் எழுதவும் நோயாளியின் வீட்டாருக்குச் சமாதானம் சொல்லவும் அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இதில் வன்மம் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவன் நாளைக்குத் தனியாகச் செய்யப்போகிறவன், இவள் கல்யாணமாகிப் போய்விடுவாள் என்ற ஒரு நினைப்பு போதும். மூன்று வருஷ முடிவில் இருவர் கையிலும் ஒரே பட்டம். அவன் தாடைகள் பலவற்றை முன்நின்று சேர்த்திருப்பான், அவள் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்யத் தயங்குகிறாள் என்று அவள் மேலேயே குற்றமும் வரும். முதலில் திறமையைக் காட்டு, பிறகுதான் பயிற்சி என்று எமலீனுக்கு நேர்ந்த நிலை இதுதான். எமலீனுக்காவது ஜாடி இருந்தது. உடைந்த தாடையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழக முடியாது.

இருபத்தாறு, இருபத்தேழு வயது எம்டிஎஸ்ஸின் வயது. நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் குறித்துவைத்த வயதும் அதுவே. சம்பளம் வாங்கும் பெண் ஊழியருக்கு 2017 திருத்தச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு. பிஎச்டி ஆய்வு மாணவிக்கு 240 நாள் வரை விடுப்பு என்று யுஜிசி 2016-இலேயே விதி செய்தது. நோயாளி பார்த்து, இரவில் விழித்து, உதவித்தொகையும் வாங்கும் எம்டிஎஸ் பெண் ஊழியரா மாணவியா என்று கேட்டால், பதிவேட்டில் மாணவி. வருஷத்துக்கு 80 சதவீத வருகை வேண்டும். குறைந்தால் படிப்பு நீளும். உடன் சேர்ந்தவர்கள் தேர்வெழுதிப் போன பிறகு ஜூனியர்களோடு உட்கார வேண்டும். கர்ப்பிணி மாணவிக்கு எக்ஸ்ரே அறை வேலையை எப்படி ஒதுக்குவது என்பதும் கல்லூரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பம் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. வரம்பு இருக்கிறது. அதைச் சொல்லி வேலை மாற்றிக் கேட்டால் சலுகை கேட்கிறாள் என்று முணுமுணுப்பு வருமோ என்று அஞ்சியே கர்ப்பத்தை மறைக்கிற நிலை ஒரு பெண்ணுக்கும் வரக் கூடாது.

பிரிட்டனில் குழந்தை வளர்க்கும் பயிற்சி மருத்துவர் வாரத்தில் சில நாள் மட்டும் வேலை செய்து, நிபுணர் பயிற்சியைக் கூடுதல் வருஷங்களில் முடிக்க முறையான வழி உண்டு, ஆண்களும் கேட்கலாம். இந்தியாவில் எம்டிஎஸ் முழுநேரம் மட்டுமே. எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி என்றால் இடைவிடாத மூன்று வருஷம்தான் என்பது கல்லில் எழுதிய விதியில்லை என்பதற்கு அது சாட்சி.

பெண்கள் எந்தப் பிராஞ்சில் இருந்தால் என்ன, நோயாளிக்குச் சிகிச்சை கிடைத்தால் சரி என்று சிலர் கேட்பதுண்டு. நோயாளியிடமிருந்தே பதில் சொல்கிறேன். வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு அடி பெரும்பாலும் விழுவது முகத்தில். கன்ன எலும்பு நொறுங்கி, தாடை விலகி, அவள் வந்து சேருவது ஓரல் சர்ஜன் முன்னால். கூடவே அடித்தவனும் வருவான். படியில் வழுக்கி விழுந்தேன் என்பாள். எலும்பு முறிந்த விதத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும் மருத்துவருக்கு. அந்த இடத்தில் கணவனை வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, என்னம்மா நடந்தது என்று கேட்கப் பெண் மருத்துவர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கத்தைச் சொல்ல வெட்கப்படுவார்கள். கன்னத்துக்குள் புண் முற்றும்வரை காட்டமாட்டார்கள். கல்லூரி முகாம்களில் மாணவிகளிடம் வாய் திறந்து காட்டும் இந்தப் பெண்களுக்கு, அறுவை மேசை வரை ஒரு பெண் கூட வந்தால் பாதிப் பயம் தீரும். ஆண் மருத்துவர்கள் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிகளில் பாதிப் பேர் பெண்கள் என்றிருக்க, அறுக்கும் கைகளில் பெண் கை அபூர்வமாக இருப்பது மருத்துவக் குறை என்றுதான் சொல்கிறேன்.

பழைய தடைகள் முகத்துக்கு நேரே நின்றன. அவற்றோடு சண்டை போட முடிந்தது. லூசி ஹாப்ஸுக்காக ஒரு சங்கமே சண்டை போட்டது. இப்போதைய தடைக்கு ஆணை இல்லை, கையெழுத்து இல்லை, காட்டிக் கேட்க ஒரு காகிதம்கூட இல்லை. ஆகவே காகிதம் உண்டாக்குவதுதான் முதல் வேலை என்பது என் திடமான கருத்து. ஒவ்வொரு கல்லூரியும் ஒன்பது பிராஞ்சுகளிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பாதியில் விட்டவர் எத்தனை என்று வருஷந்தோறும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு முதுநிலை மாணவரும் எத்தனை அறுவைகளை முன்நின்று செய்தார், எத்தனையில் உதவியாக நின்றார் என்ற கணக்கு லாக்புக்கில் தனித்தனியாக வேண்டும். தேர்வாளர் அதைப் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகளைப் புதிதாக எழுத இதைவிட நல்ல சமயம் வராது. எம்டிஎஸ் மாணவிக்குப் பேறுகால விடுப்பையும், திரும்பி வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும் வழியையும், ராத்திரி டியூட்டிக்குப் பூட்டுள்ள ஓய்வறையையும் கல்லூரி அங்கீகாரத்தின் நிபந்தனையாக அதில் எழுதலாம்.

துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெரிய கேஸில் உங்கள் முதலாண்டு மாணவியை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள்; கருவியை அவள் கையில் கொடுங்கள். பெற்றவர்களுக்கும் ஒன்று. கலந்தாய்வு நாளில் மகள் ஓரல் சர்ஜரி என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். எந்தக் கல்லூரியில் முதுநிலை மாணவிகளுக்கு அறுவை செய்யக் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அங்கே சேருங்கள்.